கும்பினிக் கொடியோடு போட்ட முடிச்சு

தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, உங்களுக்குக் கொஞ்சமாவது வெட்கம் உண்டா?

நேற்றுக் கொடியேற்றம் முடிந்ததும் நாட்டாரின் பேரன் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னான். கடல் தாண்டி வியாபாரத்துக்கு வந்த உலாந்தாக் கும்பினியின் கொடியே கோட்டையிலிருந்து இறங்கி வந்து நம் கங்கையம்மன் கொடிக்குத் தலை குனிந்ததாம். இரண்டு கொடியையும் முடிச்சுப் போட்டு, நம் குப்பத்தோடு கோட்டைக்காரன் சொந்தம் கொண்டாடினானாம். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டன. என் வயதுக்காரிகள் நீங்கள் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஆமா, எங்க கண்ணால பாத்தோம்" என்றீர்கள்.

பார்த்தீர்கள்தான், யார் இல்லை என்றது? முடிச்சுப் போட்டது உண்மை. அவன் கதையை எந்த இடத்தில் நிறுத்துகிறான் என்று பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அந்த வருஷம் நம் கொடியைத் தோளில் சுமந்தவள் நான். உங்களில் ஒருத்தியும் அந்த மூங்கிலை ஒரு நாள்கூடத் தொட்டதில்லை. எனக்குப் பல் போய்விட்டது, ஒரு கண்ணும் போய்விட்டது, வாய் மட்டும் இன்னும் இருக்கிறது. இன்றைக்கு முழுவதையும் சொல்லிவிடப் போகிறேன். நடுவில் எவளாவது "பழசைக் கிளறாதே" என்று வாயைத் திறந்தால் அப்புறம் நான் பொறுப்பில்லை.

எனக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. இந்தப் பிள்ளை தங்கினால் கொடிக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். தங்கித் தொலைத்தேன். மூங்கிலைத் தூக்க வலு வந்ததும் இடுப்பில் மஞ்சள் துணி சுற்றி என்னைக் கொடிக்காரி ஆக்கினார்கள். பெரியவள் ஆகும்வரை ஒவ்வொரு ஆடி மாதமும் கொடியை நான்தான் சுமக்க வேண்டும்.

இப்போது பிள்ளைகள் பார்க்கிற கொடி கடையில் வாங்கின ஒரே துணி. அப்போது அப்படி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்காரியும் தான் கட்டிய சேலையிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் கொடுப்பாள். சாயவேரில் தோய்த்த சிவப்பு, அவுரி நீலம், கட்டம் போட்டது, வெளுத்துப்போனது, மீன் செதில் ஒட்டிக்கொண்டிருப்பது, எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தால் அதுதான் கொடி. எந்த வீட்டுத் துண்டு அதில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குக் கொடியின் நிழல் உண்டு. அந்த நிழலில் நிற்பவர் மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

அந்தக் கொடியின் வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. மஞ்சள், கற்பூரம், மூங்கிலுக்குப் பூசிய மீனெண்ணெய், எத்தனையோ பெண்களின் வியர்வை. முதல் நாள் தோள் சிவக்கும், அப்புறம் தோல் உரியும், அதற்கப்புறம் மரத்துப்போகும். வீடு வீடாகப் போய் வாசற்படிக்கு மேல் கொடியை வீச வேண்டும். காய்ச்சலில் கிடப்பவர்களின் மேல், வலைகளின் மேல், கட்டுமரங்களின் தலைமேல் வீச வேண்டும். துணி காற்றில் பட்டென்று அடிக்கும்போது படுத்துக் கிடப்பவர் கண்ணைத் திறப்பார். எனக்கு அது பெரிய பெருமையாக இருந்தது. அம்மாவைத் தவிர யாரும் என்னைத் திட்ட முடியாது.

கொடி ஏறிவிட்டால் கடலிலும் ஏரியிலும் வலை விழக் கூடாது. ஊர்வலத்துக்கு மூங்கிலோடு எடுத்துப்போனாலும் அது ஏறின கொடிதான்; கொடியோடு போகிறவரைத் தவிர ஊருக்குள் இருப்பவர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது, வெளியாள் வந்து யாரையும் இழுத்துப்போகவும் கூடாது. கொடியை இறக்க வேண்டுமானால் கொடிக்காரியின் அம்மா கம்பத்தின் அடியில் ஒரு குடம் ஏரித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவள் ஊற்றாமல் ஊர்த் தலைவரான நாட்டாரே நினைத்தாலும் இறக்க முடியாது.

இன்னொரு முறையும் இருந்தது. சுண்ணாம்புக்குளத்துப் பக்கத்துக் குப்பத்தின் கொடியை அக்காக் கொடி என்போம். வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கொடியும் நம் கொடியும் மணலில் சந்திக்கும். இரண்டின் முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு விழுந்துவிட்டால் இந்த நிழலில் நிற்பவர் அந்த நிழலுக்கும் உரியவர். நம்மாள் அங்கே போனாலும் அவன் தலையில் ஒரு தூசு விழாது. இதை நம்பித்தான் நம் பெண்களை அங்கே கட்டிக் கொடுத்தோம், ஒருத்திக்கும் கெடுதல் வந்ததில்லை. அந்த நம்பிக்கையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் எவன் காலில் கொட்டினார்கள் பாருங்கள்.

அந்த வருஷம் மழை இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை. ஏரி உள்ளே வாங்கிக்கொண்டுபோய் கரை முழுக்க உப்புப் பூத்துக் கிடந்தது. நடந்தால் பாதம் எரியும். முகத்துவாரத்தில் மணல் மூடி, கடல் மீன் உள்ளே வருவது குறைந்துபோனது. நமக்கே கஞ்சி இல்லை. அப்போதுதான் திருப்பாலைவனத்துப் பக்கமிருந்து நெல் விளைவித்துச் சாப்பிட்ட ஜனங்கள் ஏரியைத் தேடி வந்தார்கள். வரும் வழியில் உமரிக்கீரையைப் பறித்துத் தின்று வாயெல்லாம் பச்சையாக இருந்தது.

அவர்களுக்குப் பின்னாலேயே தரகர்களும் வந்தார்கள். பசித்தவனைப் பிடித்துக் கோட்டைக்குள் கொண்டுபோய் விடுகிறவர்கள். கோட்டைக்குள் போனவர்கள் என்ன ஆகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. நூல் சுற்றுகிறார்கள் என்றார்கள், வெடிமருந்து இடிக்கிறார்கள் என்றார்கள். கப்பலில் ஏற்றுகிறார்கள் என்று ஒரு செட்டி சொன்னதற்கு என் அப்பா, நைனா என்போம், சிரித்தார். "கப்பல்ல துணி போவும், மொளகு போவும். மனுஷனை எதுக்குய்யா ஏத்தப் போறான்?" என்றார். எங்கள் நைனா கடலின் நிறத்தைப் பார்த்து நாளைக்கு எந்தக் காற்று அடிக்கும் என்று சொல்வார். மனிதர்கள் விஷயத்தில் பச்சைப் பிள்ளை.

வந்தவர்களில் ஒரு தாயும் மகளும் எங்கள் கட்டுமரக் கொட்டகையில் தங்கினார்கள். மகளுக்கு என் வயதுதான். நாம் எல்லோரும் அவளை வந்தவள் என்றே கூப்பிட்டோம், பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் கையில் ஓர் உழக்கு இருந்தது. மரத்தில் கடைந்தது, வாய்க்குப் பித்தளைப் பூண் போட்டது. வீட்டிலிருந்து அவர்கள் எடுத்துவந்த ஒரே பொருள் அதுதான். அளப்பதற்கு அதில் ஒரு மணி நெல் கிடையாது.

அவள் மணலை அளப்பாள். முதல் உழக்கை ஒன்று என்று சொல்ல மாட்டாள், லாபம் என்பாள். "லாபம், ரெண்டு, மூணு" என்று அவள் ராகம் போட்டு அளந்து கொட்டுவதை நாமெல்லாம் சுற்றி உட்கார்ந்து வாங்கிக்கொண்டோம். ஞாபகம் இருக்கிறதா? மடியில் மணலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் உதை வாங்கியது உங்களில் ஒருத்திதான்.

நான் அவளுக்குச் சேற்றில் கைவிட்டு இறால் தடவக் கற்றுக்கொடுத்தேன். நண்டு கவ்வியதும் கையை உதறிக்கொண்டு அலறினாள். "கத்தாதடி, கத்துனா இன்னும் இறுக்கும், கம்முனு தண்ணிலயே வெச்சிக்க, தானா வுட்டுடும்" என்றேன். கண்ணில் தண்ணீர் வழிய அப்படியே நின்றாள். நண்டு விட்டதும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அப்போதிருந்து அவள் என் ஆள்.

அவளுடைய அம்மா பசியில் வயிறு வீங்கி வந்தவள், எழுந்திருக்கவில்லை. புதைப்பதற்கு முன் எங்கள் அம்மா அவள் சேலையின் முந்தானையிலிருந்து ஒரு துண்டு கிழித்துக்கொண்டாள். கொடி தைக்கும்போது அதைத் தன் துண்டுக்குப் பக்கத்திலேயே வைத்துத் தைத்தாள். நாட்டார் பெண்சாதி முகத்தைச் சுளித்தாள். "இன்னாமே, ஊரு பேரு தெரியாதவ துணிய அம்மன் மேல வெக்கிற?" என்றாள்.

"செத்தவளுக்கு ஊரு இன்னா ஊரு? அவ பொண்ணு என் வூட்ல கீது. துண்டும் என் துண்டாண்ட இருக்கட்டும்" என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அன்றிலிருந்து வந்தவள் என் பக்கத்தில் படுத்தாள், எங்கள் நைனாவை நைனா என்று கூப்பிட்டாள். அவரும் நண்டுக் காலை உடைத்துச் சதையை எடுத்து முதலில் அவள் வாயில் வைப்பார், பிறகுதான் எனக்கு. எனக்குக் கோபம் வரும். "அதுக்கு ஒடைக்கத் தெரியாதுடி" என்பார்.

கொடி ஏறியது. வந்த ஜனங்கள் எல்லோரும் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். தரகர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். நாசமாய்ப் போகிறவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கல்லுக்கு அந்தப் பக்கம், காற்று அடிக்கிற திசை பார்த்து, அடுப்பு மூட்டிப் பெரிய பானையில் அரிசிக் கஞ்சி காய்ச்சினார்கள். வாசனை ஊருக்குள் வந்தது. யாரையும் கூப்பிடவில்லை, பேசவில்லை. கஞ்சியைக் கிண்டிக்கொண்டு நின்றார்கள். வந்த ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கொடியின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகளை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

திருவிழா முடியும் நாள் வந்தது. அம்மா குடத்தை எடுக்கவில்லை.

நாட்டார் ஆள் அனுப்பினார். அம்மா வரவில்லை. அவரே வந்தார். "தண்ணி ஊத்தும்மே, கொடி எறங்கணும்" என்றார்.

"எறங்குனா இதுங்க கெதி?"

"ஊரு கெதிய பாரு. வலை வுடாம எத்தினி நாளு?"

"தரகன் போவட்டும். ஊத்தறேன்" என்று அம்மா கதவை மூடிவிட்டாள்.

முதலில் உங்கள் அம்மாக்கள் எல்லோரும் அம்மா பக்கம்தான் நின்றார்கள். பிறகு ஊரில் இருந்த கருவாடு தீர்ந்தது. எலும்பும் தோலுமாக இருந்த குழந்தைகள் இன்னும் வற்றின. ஒவ்வொருத்தியாகப் பின்வாங்கினார்கள். உங்களில் ஒருத்தியின் அம்மா எங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றி, "உன் தர்மத்துக்கு என் புள்ளய காவு குடுக்கணுமா?" என்று கேட்டாள். யாரென்று சொல்ல மாட்டேன், மகளுக்கே தெரியும். அந்தத் தாயைக் குற்றம் சொல்லவும் மாட்டேன். பசித்த வயிறு அப்படித்தான் பேசும். வயிறு நிறைந்த பிறகு பேசினார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்போதுதான் துபாசி வந்தான். கோட்டைக்கும் ஊர்களுக்கும் நடுவில் பேச்சு வார்த்தை செய்கிறவன். குடை பிடிக்க ஓர் ஆள், வெற்றிலைப் பெட்டி தூக்க ஓர் ஆள். எல்லைக் கல் அருகில் செருப்பைக் கழற்றினான், மேல்துணியை இடுப்பில் கட்டிக்கொண்டான், கொடியைப் பார்த்து விழுந்து கும்பிட்டான். தரகர்களைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டான், அடுப்பை அணைத்துவிட்டு ஓடினார்கள். நம் ஆண்பிள்ளைகள் அதிலேயே பாதி விழுந்துவிட்டார்கள். அந்தத் தரகர்கள் யார் ஆட்கள் என்று ஒருவனுக்காவது கேட்கத் தோன்றியதா?

கொடிக் கம்பத்தின் கீழ் ஊர் கூடியது. கொடிக்காரி என்பதால் நானும் கம்பத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். துபாசியின் மேல் பன்னீர் வாசனை அடித்தது.

"நாட்டாரே, உங்க அம்மன் கொடியை மீறறதுக்கு நாங்க யாரு?" என்றான். "ஆனா நீங்களும் எத்தனை நாளைக்குப் பட்டினி கிடப்பீங்க? கோட்டையில அரிசி இருக்குது, வேலை இருக்குது. தரகன் கையில குடுக்க வேணாம். உங்க முறைப்படியே செய்யுங்க. கும்பினிக் கொடியை நான் கொண்டுவரேன். ரெண்டு கொடியையும் முடிச்சுப் போடுங்க. இந்த ஜனங்க உங்க நிழல்லேருந்து எங்க நிழலுக்கு வரட்டும்."

நாட்டாரின் முகம் மெல்ல மலர்ந்தது. இத்தனை நாள் நம்மைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத கோட்டை, அக்காக் கொடி மாதிரி நம்மோடு முடிச்சுப் போட வருகிறது. அந்தப் பெருமையில் அவருக்குப் பசி மறந்துபோனது.

பெண்கள் கூட்டத்திலிருந்து அம்மா எழுந்தாள். "ஒண்ணு கேக்கறேன். நம்ம கொடியில அல்லார் வூட்டு சேலையும் கீது. அதனாலதான் அதுக்கு நெழலு. அந்தக் கொடிக்கு எவ சேலை குடுத்தா?"

துபாசி சிரித்தான். "அம்மா, கோட்டை மேல பறக்குதே, பாத்ததில்லையா? சிவப்பு ஒரு துண்டு, வெள்ளை ஒரு துண்டு, நீலம் ஒரு துண்டு. அதுவும் சேத்துத் தைச்சதுதான்."

"அட, ஆமா!" என்றார் நாட்டார். தொடையில் தட்டிக்கொண்டார். "மூணு துண்டு. மூணு வூட்டுத் துண்டு. நம்மளாட்டந்தான் தெச்சிருக்கான்!"

கூட்டம் முழுக்க "ஆமா, ஆமா" என்றது. ஏரிக்கு அந்தப் பக்கம் தினமும் பார்த்த கொடிதான். அன்றைக்குத்தான் அதில் தையல் தெரிந்ததாம். எங்கள் நைனாகூட, "தெச்சதுதான்மே, நான் கிட்டப் போயி பாத்திருக்கேன்" என்று அம்மாவிடம் சொன்னார். மூன்று நிறத்தைப் பார்த்து மூன்று பெண்கள் சேலை கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்த ஊர், உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, அப்புறம் எதையாவது எடுத்து அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

அம்மா விடவில்லை. "வேற யாரு வேணா போவட்டும். இந்தப் பொண்ணு போவாது. அதோட அம்மா துண்டு நம்ம கொடியில கீது. அது நம்ம ஊர்ப் பொண்ணு."

"துண்டு இருந்தா ஆச்சா? ஏரில அதுக்குப் பாடு கீதா?" என்றார் நாட்டார். ஏரியில் முறை வைத்து மீன் பிடிக்கிற உரிமைதான் பாடு. அது உள்ள வீடுதான் வீடு. அந்தப் பெண்ணின் அப்பனுக்கு ஏரி இருக்கும் திக்குகூடத் தெரிந்திருக்காது. "பாடு இல்லாத வூட்டுக்குக் கொடில துண்டு ஏது? நீயா தெச்சிகினா அது கணக்கா? குந்துமே."

அம்மா நைனாவைப் பார்த்தாள். அவர் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். "அங்க அரிசி கீதுனு சொல்றாருமே," என்றார். "நம்மாண்ட இன்னா கீது? முடிச்சு போட்டுட்டா நம்ம கொடி அதும் மேலயும் இருக்குமில்ல?" மனதார நம்பித்தான் சொன்னார். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

வந்தவளுக்குச் சந்தோஷம். உழக்கைத் துணியால் துடைத்துக்கொண்டு, "அங்க அரிசி அளந்து போட ஆளு வேணுமில்ல? எனக்குத் தெரியும்னு சொல்லுவேன்" என்றாள். பிறகு என் பக்கம் நகர்ந்து, "கொடி எங்க கூடவே இருக்குமாடி?" என்று கேட்டாள். "முடிச்சுப் போட்டா இருக்கும்" என்றேன். எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது அதுதான்.

மறுநாள் காலை தோணிகளில் ஏரியைக் கடந்தோம். அம்மா வரவில்லை. மூங்கிலை என் தோளில் தூக்கி வைத்தது நைனா. தாரை, தப்பட்டை, வேப்பிலைத் தோரணம், புதுப் பானைகளில் மஞ்சள் தண்ணீர். நீங்களெல்லாம் தலையில் பானை வைத்துக்கொண்டு வந்தீர்கள். வந்த ஜனங்களுக்கு, கல்யாணத்துக்குப் போவதுபோல், நெற்றியில் மஞ்சள் பூசியிருந்தது.

கோட்டைக்கு முன்னால் இருந்த துறையில் சிவந்த முகத்துச் சிப்பாய் ஒருவன் கும்பினிக் கொடியை ஒரு கழியில் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்கே தெரிந்தது. நாட்டார் கிட்டப் போய் அந்தத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் அவன் துபாசியைப் பார்த்து என்னவோ கேட்டான். துபாசி என்னவோ சொன்னான். சிப்பாய் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

துபாசி சைகை காட்ட, அவன் கழியைச் சாய்த்தான். நாட்டாரின் கண்ணில் தண்ணீர். கும்பினிக் கொடி தலை குனிந்தது என்கிறானே அந்தப் பேரன், அது இதுதான். முனை எட்டவில்லை என்று சாய்த்தான்.

நாட்டார் இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். கும்பினித் துணி புதுசு, மொடமொடவென்று இருந்தது. முடிச்சு நிற்கவில்லை, நழுவி அவிழ்ந்தது. ஊரே பார்த்தது. நம் அம்மன் சொல்லிப் பார்த்தாள் என்றுதான் நான் சொல்வேன். நாட்டார் விரலை எச்சில் தொட்டு, இறுக்கி, மறுபடியும் போட்டார். குலவை போட்டீர்கள்.

வந்த ஜனங்கள் ஒவ்வொருவராக நம் கொடியின் கீழ் குனிந்து அந்தக் கொடியின் கீழ் நிமிர்ந்து போனார்கள். வந்தவள் என்னிடம் வந்தாள். கொடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உழக்கை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து போனாள். கோட்டை வாசலில் திரும்பிக் கையை ஆட்டினாள். கதவு மூடியதும் துபாசியின் ஆள் முடிச்சை அவிழ்த்தான். சிப்பாய் தன் கொடியைப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

இந்த இடத்தில்தான் பேரன் கதையை நிறுத்துகிறான். நீங்களும் தலையாட்டுகிறீர்கள். பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் அப்பன்மார்களும் படகில் இருந்தவர்கள்தானே? அவர்கள் வாயைத் திறக்கவில்லை. கோட்டைக்குள் போனது மட்டும் பேச்சானது, வெளியே வந்தது யாருக்கும் பேச்சாகவில்லை. ஒரு தடவை நாட்டாரிடம் நானே கேட்டேன். "முடிச்சு போட்டதுல பொய் இல்ல. அப்பால நடந்ததுக்கு ஊரு பொறுப்பில்ல" என்றார் அந்த மனிதர். சாகும்வரை அதையே சொன்னார்.

அம்மா தண்ணீர் ஊற்றினாள், கொடி இறங்கியது, வலைகள் விழுந்தன. சில நாளில் கடலில் கப்பல் வந்து நின்றது. கரைக்கு வர முடியாத கப்பலுக்கு அலையைத் தாண்டிச் சரக்கு ஏற்றிப்போவது, கயிற்றால் தைத்த நம் படகுகள்தான். காலையில் ஆண்பிள்ளைகளுக்கு அழைப்பு வந்தது. நைனாவும் போனார்.

அன்றைக்குத்தான் கொடியை ஏரியில் அலசப் போயிருந்தோம். இறக்கிய கொடியை அலசி உலர்த்திப் பெட்டியில் வைப்பது கொடிக்காரி வீட்டு வேலை. முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு முனையை அம்மாவும் ஒரு முனையை நானும் பிடித்துக்கொண்டிருந்தோம். உச்சி வெயில். நைனா கடல் பக்கமிருந்து மணல்மேட்டைத் தாண்டி வந்தார். உடம்பெல்லாம் உப்பு காய்ந்திருந்தது. கூலிக்குக் கொடுத்த அரிசியைத் துண்டில் முடிந்து வைத்திருந்தார். அதைக் கரையில் போட்டார், உட்காரவில்லை.

"சரக்கு ஏத்தணும்னு கூப்ட்டாங்க," என்றார். "துணி மூட்டைனு நெனச்சோம்."

அம்மா அலசுவதை நிறுத்தவில்லை.

"மனுஷங்கமே. ரெண்டு ரெண்டு பேரா கயிறு போட்டு. அல்லாம் நம்மாண்ட இருந்தவங்க. சிப்பாயிங்க துப்பாக்கியோட நின்னுகினு இருந்தானுங்க."

"அந்தப் பொண்ணு இருந்துச்சா?"

"இருந்துச்சு. என் படகுலதான் ஏத்துனாங்க. என் காலாண்டதான் குந்துச்சு."

அம்மாவின் கையிலிருந்த துணி தண்ணீரில் விழுந்தது. என் முனையை நான் விடவில்லை. "இன்னாச்சும் சொல்லிச்சா?" என்று அம்மா கேட்டாள்.

நைனா எங்களைப் பார்க்கவில்லை, தண்ணீரில் மிதந்த கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அலையாண்ட போவ சொல்லோ என் காலைப் புட்சிகினு கேட்டுச்சு. 'நைனா, நம்ம கொடி முன்னாடி போவுதா'னு."

"நீ இன்னா சொன்ன?"

"ஆமா கண்ணு, முன்னாடி கப்பலுக்குப் போயிடுச்சுனு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா," என்றார் நைனா. "துடுப்பு போட்டேன்."